கேட்டுக்கு அடிக்கிற கறுப்பு

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. இதை வெளியில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. சொன்னால் தலைவலி குறையாது, வைத்தியர்கள் பெருகுவார்கள். குடவாசலில் எங்கள் தெருவில் மட்டும் சுக்கை இழைத்துப் பற்றுப் போடச் சொன்னவர்கள் உண்டு, காபியை அடியோடு நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு, காபியை இன்னும் கொஞ்சம் திக்காகக் குடிக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் ஒரு சக ஆசிரியை, "தலைவலி வர்றப்ப அதப் பத்தி நினைக்காம இருங்க டீச்சர், போயிடும்" என்றார். அவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடத் தலை வலித்ததில்லை. அந்தத் தகுதி போதாதா?

கடைசியில் தஞ்சாவூருக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் மாத்திரை எழுதிவிட்டு, "வலி வந்தா இருட்டான ரூம்ல சத்தமில்லாமப் படுத்துடுங்க" என்றார். மாத்திரை மருந்துக்கடையில் கிடைத்தது. இருட்டு எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு அறைகளுக்கெல்லாம் வண்ணம் தேர்ந்தெடுத்தவர் என் கணவர். அவருக்கு அரை வேலி நிலமும், உலகத்தில் உள்ள மற்ற எல்லா விஷயங்களைப் பற்றியும் உறுதியான கருத்துகளும் உண்டு. படுக்கையறையிலிருந்து பின்கட்டு வரை அவர் தேர்ந்தெடுத்தது பழுத்த மாம்பழ மஞ்சள். ஜன்னலைச் சாத்தினாலும், கதவிடுக்கில் நுழையும் கொஞ்சம் வெளிச்சத்தை அந்தச் சுவர் வட்டிபோட்டுத் திருப்பித் தரும். ஜன்னலுக்குத் திரை வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தார். வெள்ளைத் துணியில் பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்டது.

அன்று சாயங்காலம் சொன்னேன்.

"பின்கட்டு ரூமுக்குக் கறுப்பு அடிச்சிடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"தலைவலிக்கு."

"தலைவலிக்குத் தலையிலதானே தடவுவாங்க" என்றார்.

நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கறுப்பா? சுவத்துக்கா? பாக்குறவங்க என்ன சொல்வாங்க?"

பார்க்கிறவர்களைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடு ஒன்று ஊதா நிறம், அதன் தூண்கள் ஆரஞ்சு. அதற்கு எதிர்வீடு கிளிப்பச்சை, ஜன்னல் விளிம்பு மட்டும் ரோஸ். முனையில் இருக்கிற வீட்டின் முன்சுவரில் புலித்தோல் மாதிரி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். முதல் தடவை பார்க்கிற நாய்கள் குரைக்கும். இவர்கள் யாரையும் யாரும் எதுவும் கேட்டதில்லை. கறுப்பு என்றால் மட்டும் ஊருக்கு மூச்சு முட்டிவிடும்.

இத்தனைக்கும் கறுப்பு இல்லாமல் இவர்களுக்கு ஒரு நாள் ஓடாது. குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. காலில் கறுப்புக் கயிறு. கோயிலில் குடம் குடமாகப் பாலை ஊற்றி, விழுந்து விழுந்து கும்பிடுவது கறுப்புக் கல்லை. சாமி கறுப்பாக இருக்கலாம். கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண்ணும் சுவரும் இருக்கக் கூடாது. இந்தச் சட்டம் எனக்கு ரொம்ப நாளாகப் பழக்கம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது கூடத்தில் இருந்த எல்லா விளக்கையும் போடச் சொன்னவர் என் கணவரின் அக்கா, திருவையாற்றில் வாழ்க்கைப்பட்டவர். வெளிச்சத்தில் என்னைத் தீர விசாரித்துவிட்டு, "கறுப்புதான், ஆனா களையான கறுப்பு" என்று தீர்ப்புச் சொன்னார். கூட வந்தவர்கள் அந்த 'ஆனா' வரைக்கும்கூடப் போகாதவர்கள். அதனால் அந்த நாத்தனார் மேல் எனக்கு அப்போதே ஒரு மரியாதை விழுந்துவிட்டது. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, கும்பகோணத்தில் ஒரு பெயின்ட் கடைக்குப் போனோம். கணவரும் வந்தார். என்னைத் தடுக்க வந்தாரா, துணைக்கு வந்தாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

"கறுப்பு வேணும்" என்றேன்.

"கேட்டுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"இல்லங்க, ரூமுக்கு."

"ஜன்னல் கம்பிக்கா?"

"சுவத்துக்குங்க."

"எந்தச் சுவத்துக்கு?"

"நாலு சுவத்துக்கும்."

அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு என் கணவரைப் பார்த்தார். "சார், மேடம் என்ன சொல்றாங்க?" நான் தெலுங்கிலோ சீன மொழியிலோ பேசிவிட்டது போலவும், இவர் மொழிபெயர்க்க வேண்டும் என்பது போலவும் இருந்தது அந்தக் கேள்வி. என் கணவர் தெருவில் போன பஸ்ஸை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "இந்த ஐவரி பாருங்க மேடம். இப்ப எல்லாரும் இதான் அடிக்கிறாங்க. ரூம் பெருசா, பளிச்சுன்னு தெரியும்."

"எனக்கு ரூம் தெரியவே கூடாதுங்க" என்றேன்.

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஷேட் கார்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தார். அந்தப் பக்கம் கசங்காமல் புதுசாக இருந்தது. ஒரு கறுப்பு வாங்க வந்தவளுக்கு ஒன்பது பத்துக் கறுப்புகளைக் காட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலப் பெயர். ஒன்று நள்ளிரவு ரகசியமாம். இன்னொன்றுக்கு ஏதோ இத்தாலி ஊரின் பெயர். அங்கே மின்சாரம் இல்லை போலிருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுக் கட்டத்தில் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. எது வேண்டும் என்று கேட்டதற்கு நான் விழித்ததைப் பார்த்து என் கணவருக்கு உயிர் வந்தது. "பாத்தியா, உனக்கே தெரியல" என்றார்.

தெரியவில்லைதான். அதனால் நாலு வகையில் சின்னச் சின்ன டப்பாக்கள் கலக்கச் சொல்லி வாங்கிவந்து, மாம்பழ மஞ்சள் மேலேயே முழ அகலத்துக்கு நாலு கட்டம் அடித்தேன். அடுத்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, பள்ளி விட்டு வந்ததும் ஒருமுறை, டியூப் லைட் போட்டபின் ஒருமுறை. அப்போதுதான் கறுப்பு ஒன்றல்ல என்று தெரிந்தது. ஒன்று காலையில் நீலமாகிவிடும், போலீஸ் ஜீப் மாதிரி. ஒன்று டியூப் லைட்டில் பச்சையடித்து, பாசி பிடித்த கிணற்றுச் சுவரைப் போல இருந்தது. மூன்றாவது சுத்தக் கறுப்பு. பளபளப்பும் சேர்ந்து, எண்ணெய் தடவிய தோசைக்கல்லைச் செங்குத்தாக நிறுத்திவைத்த மாதிரி. அதில் பட்டி பார்த்த இடத்து மேடு பள்ளமெல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது. நாலாவதில் கொஞ்சம் பழுப்பு கலந்திருந்தது. பளபளப்பே கிடையாது. தண்ணீர் வடிந்த வாய்க்காலின் அடியில் கிடக்கிற வண்டல் மாதிரி வெளிச்சத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. அதுதான் எனக்கானது என்று முடிவு செய்தேன்.

என் கணவரும் தினம் வந்து பார்த்தார். அறைக்குக் கறுப்பே கூடாது என்பவர், அடித்தால் தோசைக்கல்தான் நல்லாயிருக்கும் என்று மூன்றாம் நாள் கட்சி மாறினார்.

பெயின்டர் வந்தார். டப்பாவைத் திறந்து பார்த்தார். மூடினார். கைபேசியில் யாரிடமோ ரொம்ப நேரம் பேசினார். பிறகு என்னிடம், "மொதல்ல மூலையில மஞ்சத் தண்ணியில ஒரு கோடு போட்டுக்கிறேம்மா, நானும் புள்ளகுட்டிக்காரன்" என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கோட்டைப் போட்டு, அதன் மேலேயே கறுப்பை அடித்தார். ஆக மங்களம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. மஞ்சள் மேல் கறுப்பு லேசில் ஏறவில்லை. சாம்பல் கலந்த பிரைமர் ஒரு கோட், அதற்கு மேல் கறுப்பு இரண்டு கோட். அப்படியும் ரோலர் போன தடம் தெரிந்ததால் மூன்றாவதும் அடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் பெருமூச்சு விட்டார்.

மேலே சீலிங்கை மட்டும் வெள்ளையாக விடச் சொல்லி என் கணவர் கெஞ்சினார். "அதாவது வெள்ளையா இருக்கட்டும்" என்றார், நான் அவருடைய மொத்த வம்சத்துக்கும் கறுப்படித்துவிட்டது போல. விட்டுக்கொடுத்தேன். படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிவது சீலிங்தான் என்பதை, இத்தனை வருஷம் வடிவியல் நடத்திய நான் முதல் நாள் படுத்தபோதுதான் கண்டுபிடித்தேன். பெயின்டர் திரும்ப வந்தார். பெருமூச்சும் வந்தது.

அறை தயாரானதும் தெரு விசாரணைக்கு வந்தது. மளிகைக்கடைக்காரர், "டீச்சர் மலைக்கு மாலை போட்டிருக்கீங்களா? சீசன் முடிஞ்சுடுச்சே" என்று கவலைப்பட்டார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கறுப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்து, துணிச்சலான முடிவு என்று கைகூப்பினார்.

"தலைவலிக்காக அடிச்சதுங்க ஐயா" என்றேன்.

"எல்லாத் தலைவலிக்கும் காரணம் மூடநம்பிக்கைதாம்மா" என்று தொடங்கியவர், கூடத்தில் விளக்கெரியும் பூஜை அலமாரியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவருக்கே தலை வலிப்பது போலிருந்தது. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

செய்தி திருவையாறு வரை போக இரண்டு நாள்தான் ஆனது. மூன்றாவது நாள் அண்ணி வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே நேராகப் பின்கட்டுக்குப் போய், அறை வாசலில் நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை.

"தம்பி, இந்தக் கண்றாவிய நீ கேக்கவே மாட்டியா?"

தம்பி வயலுக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அறுப்புக்கு நிற்கிற வயலில் என்ன தண்ணீர் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை.

"லட்சுமி வர்ற வீடும்மா இது" என்றார் அண்ணி என்னிடம்.

"அந்த ரூமுக்கு வராட்டா என்ன அண்ணி? மத்த ரூமெல்லாம் மஞ்சளாத்தானே இருக்கு."

"நீ எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்ப" என்றார். அதுவும் உண்மைதான். சாப்பிட்டுவிட்டு, ஒரு படி கறுப்பு உளுந்து வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். உளுந்தின் நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அவர் ஊருக்குப் போன அதே வாரத்தில் காலம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. அறுப்புக்கு நின்ற சம்பா, பாய் விரித்த மாதிரி வயலில் படுத்துவிட்டது. கணவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மழையிலேயே போய் வரப்பை வெட்டி வடியவிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

"சொன்னேனா?" என்றார் அண்ணி.

"அண்ணி, மன்னார்குடியிலயும் சாஞ்சிருக்கு. நாகப்பட்டினம் வரைக்கும் சாஞ்சிருக்கு."

"அங்கல்லாம் யார் வீட்டுல யார் என்ன பண்ணாங்களோ" என்றார்.

என் பின்கட்டு அறைக்கு அவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த வருஷம் மோட்டார் புகைந்தது, பசு கன்று போடத் தாமதமானது, என் கணவர் குளியலறையில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது, எல்லாவற்றையும் அந்தச் சுவரே பொறுப்பாக நின்று நடத்தியது.

அந்த அறையில் எனக்கு முதல் தலைவலி வந்தது மாசியில். பள்ளியில் கடைசி வகுப்பிலேயே கண்ணின் ஓரத்தில் வளைவு வளைவாக மின்ன ஆரம்பித்துவிட்டது. எப்படியோ வீட்டுக்கு வந்து, மாத்திரையைப் போட்டு, கதவைச் சாத்திப் படுத்தேன். வலி குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைத் திறந்தபோது எதுவும் வந்து குத்தவில்லை. மூடியிருக்கிறேனா திறந்திருக்கிறேனா என்ற வித்தியாசமே இல்லாமல் கிடந்தேன். எங்கே சுவர் முடிகிறது, எங்கே சீலிங் தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெளியே மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. அப்படியே தூங்கிப்போனேன். தலைவலியில் நான் தூங்கியது அதுதான் முதல் தடவை.

கறுப்பை வைத்துக் குடித்தனம் நடத்துவது சுலபமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைச் சுவரில் அழுக்கு தெரியும் என்பார்கள். கறுப்புச் சுவரில் அழுக்கைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒட்டடை வெள்ளிச் சரிகை போல மின்னும். பல்லி தன் வருகையைச் சுண்ணாம்பில் எழுதிவைத்துவிட்டுப் போகும். பவுடர் போட்ட கையோடு யாராவது சுவரைத் தொட்டால் ஐந்து விரலும் பதியும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால், துடைத்த இடம் மட்டும் பளபளப்பாகி, அழுக்கே பரவாயில்லை என்று தோன்றும். மெத்தென்ற உலர்ந்த துணியால் தட்டிவிட மட்டும்தான் வேண்டும். வெள்ளை ஸ்விட்ச் போர்டு இருட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதையும் கறுப்பில் மாற்றினேன். அதன் பிறகு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தடவித் தேடுவது தனி வேலையாகிவிட்டது.

பங்குனியில் குளியலறையை ஒட்டிய சுவரின் அடியில் வெள்ளையாக உப்பு பூக்க ஆரம்பித்தது. தரையிலிருந்து ஒரு சாண், பிறகு இரண்டு சாண் என்று தேசப்படம் மாதிரி ஏறியது. என் கணவரின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அறுவடையில்கூடப் பார்த்ததில்லை.

"பாரு, சுவரே கறுப்பு வேணாங்குது."

பிளம்பரை வரவழைத்து, குளியலறைப் பக்கம் டைல்ஸை உடைத்தோம். சுவருக்குள் போகிற குழாயின் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. இன்று நேற்றல்ல, பல வருஷமாக. செங்கல் பிட்டு மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது. அதற்கு ஒரு சாண் மேலே கரண்ட் வயர் போகிறது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிளம்பர் விவரமாகச் சொல்லத் தொடங்கினார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. மாம்பழ மஞ்சள் இத்தனை காலம் இதை அழகாக மூடிவைத்திருந்திருக்கிறது. மஞ்சளில் உப்பு தெரியாதே.

குழாயை மாற்றி, சுவரை நன்றாகக் காயவிட்டு, அடிப்பாகத்துக்கு மறுபடி கறுப்படித்தோம். சித்திரையில் உறவினர் ஒருவரிடம் என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "எங்கயோ லீக் இருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதக் கண்டுபிடிக்கத்தான் கறுப்பு அடிச்சுப் பாத்தோம்."

வைகாசியில் அண்ணியின் கணவர் தவறிப்போனார். காலையில் எழுந்து காபி கேட்டிருக்கிறார். அண்ணி காபியை ஆற்றிக்கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். திருவையாற்று வீட்டில் காரியம் முடிகிற வரை கூட்டம் ஓயவில்லை. வருகிற ஒவ்வொரு பெண்ணும் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒவ்வொருத்திக்கும் அவர் முதலிலிருந்து அழுதாக வேண்டும். அழுகை ஓய்கிற நேரத்தில் அடுத்த வேன் வந்து நிற்கும். நடுவில் யாராவது, "அண்ணி முகத்தப் பாரு, பாக்க முடியல" என்பார்கள். பார்க்க முடியாததை எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நானும் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். செய்ய முடிந்ததெல்லாம் காபி டம்ளர் கழுவுவதுதான்.

ஆவணியில் என் மகளுக்கு வளைகாப்பு. ஒரே மகள். அவளுக்குக் காது குத்தியபோதும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் நின்று அதிகாரம் செய்தவர் அவளுடைய அத்தைதான். மாப்பிள்ளை வீட்டில் இடம் போதாது என்பதால் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அக்கா வரமாட்டேன் என்றதைக் கேட்காமல், என் கணவர் முதல் நாளே காரில் போய்க் கையோடு அழைத்து வந்தார். இந்த விஷயத்தில் அவர் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை, சொல்லவுமில்லை.

அண்ணி நெற்றியில் திருநீறு மட்டும் வைத்திருந்தார். விடிந்ததும் பின்பக்கத்தில் சமையல்காரர்களை விரட்ட ஆரம்பித்தார். புளியோதரைக்குப் புளி காணாது, தேங்காய்ச் சாதத்துக்கு முந்திரி கருகிவிட்டது என்று அவர் குரல் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்து மணிக்குப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மகளை நாற்காலியில் உட்கார்த்திவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசத் தொடங்கியபோது, சம்பந்தி வீட்டில் ஒரு பெரியம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சுமங்கலிங்க ஏழு பேர் இருக்காங்கல்ல? ஒங்க நாத்தனார் சமையக்கட்டப் பாத்துக்கறாங்கதானே?"

கேள்வி மாதிரி கேட்டார். கேள்வி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் பதில் சொல்லத் திரும்பியபோது சமையல் பக்கம் அண்ணியைக் காணவில்லை. பின்கட்டில் கறுப்பு அறையின் கதவு சாத்தியிருந்தது.

கதவைத் திறந்து உள்ளே போய், சாத்திக்கொண்டேன். கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றுவரை வாசலைத் தாண்டி உள்ளே வராதவர், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தலைவலியா அண்ணி?"

"ஏன், ஒனக்கு மட்டும்தான் வரணுமா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யாரோ பாட்டுப் பாடத் தொடங்கி, பாதியில் வரி மறந்து நிறுத்தினார்கள்.

"இங்க ஒக்காந்தா யாருக்கும் என் மூஞ்சி தெரியாதுல்ல" என்றார் அண்ணி. "மூணு மாசமா எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்கம்மா. தூங்கறப்பகூட யாராவது பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு."

அவர் அழுதார். சத்தமே இல்லை. மூச்சு விட்டு விட்டு வந்ததில்தான் தெரிந்தது. முகத்தைத் துடைத்துவிடவோ, கையைப் பிடிக்கவோ நான் போகவில்லை. அந்த இருட்டில் அவரைப் பார்க்காமல் இருப்பதுதான் நான் செய்யக்கூடியது என்று பட்டது.

எவ்வளவு நேரம் போனதோ, கதவு திறந்து வெளிச்சம் அடித்தது.

"கதவச் சாத்துடி, கண்ணு கூசுது" என்றார் அண்ணி.

என் மகள். பட்டுச் சேலை சரசரக்க, கையால் காற்றைத் துழாவிக்கொண்டு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் மெதுவாக உட்கார்ந்தாள். முழங்கை வரை வளையல் குலுங்கியது. சந்தன வாசனை அறை முழுக்கப் பரவியது.

"வெளியில ஒரே புழுக்கம். இங்கதான் ஜில்லுனு இருக்கு" என்றாள். பிறகு, "எல்லாரும் போட்டாச்சு. அத்தைதான் போடல" என்றாள்.

"நான் போடக் கூடாதுடி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. யாராவது சொல்லணுமா? நானே எத்தன பேர ஒதுங்கி நில்லுன்னு சொல்லிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"இங்க யாரு இருக்கா அத்தை பாக்க? எனக்கே ஒங்களத் தெரியல." இடுப்பில் செருகி வந்திருந்த நாலு கண்ணாடி வளையலை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள்.

"இருட்டுல ஒடஞ்சிடப் போவுது."

"ஒடஞ்சா இன்னும் ரெண்டு டஜன் வெளியில இருக்கு."

அண்ணியின் கை என் மகளின் கையைத் தேடுகிற சத்தம் கேட்டது. விரல்களைச் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரல் மேட்டை அமுக்கி, ஒவ்வொரு வளையலாக ஏற்றினார். நாலு முறை கண்ணாடியோடு கண்ணாடி உரசியது. ஒன்றுகூட உடையவில்லை. ஏற்றி முடித்த பிறகும் அந்தக் கையை அவர் விடவில்லை.

"கால் வீங்குதா?" என்று கேட்டார்.

"சாயங்காலம் ஆனா வீங்குது."

"ரெண்டு தலகாணி வச்சு ஒசத்திப் படு. உப்பக் கொற."

நாங்கள் வெளியே வந்தபோது சம்பந்தி வீட்டுப் பெரியம்மாவின் கண் நேராக வளையலுக்குத்தான் போனது. கூடத்தில் போட்ட வளையல்களெல்லாம் பச்சையும் சிவப்பும். இந்த நாலும் நீலம்.

"இது யாரு போட்டது?" என்று என்னைக் கேட்டார்.

"உள்ள ஒரே இருட்டுங்க" என்றேன். "யாருன்னு சரியாத் தெரியல."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இலை போட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டார். என் கணவர் அக்காவை முதல் பந்தியிலேயே மகளுக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார். அண்ணி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, எலுமிச்சைச் சாதம் கசக்கிறது, கொட்டையோடு பிழிந்துவிட்டான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

விருந்தாளிகள் போய், பாத்திரக்காரர் வந்து அண்டாக்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு எனக்குக் கண்ணோரம் மின்னத் தொடங்கியது. இத்தனை கூட்டத்துக்கும் வெயிலுக்கும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தால், கட்டில் முழுக்க அண்ணி. கை கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

என் தலைவலிக்கென்று பார்த்துப் பார்த்துக் கறுப்பு வாங்கி, ஊர் ஏச்சையும் வாங்கி அடித்த அறையில் எனக்கு இடம் இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, மஞ்சள் கூடத்தில் ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தேன். விளக்கு வைக்கிற நேரமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுப்பட்டுமா என்று கணவர் வந்து கேட்டார். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தேன்.